ஃபயர்வால் தம்பி

ஸ்ரீ இஸ்கண்டாரிலும் கம்பாரிலும் பல்கலைக்கழகங்கள் வந்த பிறகு பத்து காஜாவில் உருவான புது ரகம் இவர். பல்கலைக்கழகத்தின் கணினி வலையைக் காப்பது வேலை. வயது நாற்பதைத் தாண்டினாலும் எல்லாருக்கும் தம்பிதான். ஒட்டுக்கடை வாசலில் மோட்டாரைப் பூட்டிவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர் எவரோ அவரே. சுவரில் 'இலவச வைஃபை' என்று ஒட்டியிருந்தால் தே தாரிக்கைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

தாத்தா காலத்துத் தோட்டத்தில் கிராணியார் விடியற்காலையில் பெரட்டு எடுத்த மாதிரி, அலுவலகம் போனதும் இவர் லாக் பார்ப்பார். யார் வந்தார், எங்கிருந்து வந்தார், எத்தனை மணிக்கு. கிராணி வராதவனைத் தேடினார்; இவர் வந்தவனைத் தேடுகிறார். சற்றுமுன் இங்கே வகுப்பெடுத்த விரிவுரையாளர், பத்தே நிமிடத்தில் ருமேனியாவிலிருந்து உள்ளே நுழைந்திருப்பார். விசாரித்தால், "படம் பார்க்க வி.பி.என். போட்டேன் தம்பி" என்பார்.

மாணவர்கள் மீது இவருக்குப் பெரிய புகார் இல்லை. திருட்டுப் படம் இறக்குவார்கள். அடைத்தால் வேறு சந்து பார்ப்பார்கள். இவர் தூக்கத்தைக் கெடுப்பவர் டத்தோ பட்டம் வாங்கிய பேராசிரியர்.

"தம்பி, என் பாஸ்வேர்டு செத்துப்போச்சு."

"தொண்ணூறு நாள் ஆச்சு டத்தோ, மாத்தணும்."

"தாராளமா மாத்து. பழையதையே வச்சு மாத்திக் குடு."

பழையது எது என்று துறை முழுக்கத் தெரியும்: பேராக், பின்னால் வருடம். புதியதில் கூடுதலாக ஓர் ஆச்சரியக்குறி. அதையும் மஞ்சள் தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவிடுவார். "அடியிலதானே ஒட்டியிருக்கேன், மேலயா ஒட்டினேன்?"

இந்த விஷயத்தில் நான் டத்தோ கட்சி. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்று, குறிகளைச் சேர் என்ற வழக்கம் பரவக் காரணம், அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் முன்பு வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், 2017இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு நிஸ்ட்டும், நீளமாக வைத்தால் போதும், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே என்று இறங்கி வந்தது. தம்பிக்கு இதெல்லாம் தெரியும். தணிக்கைப் படிவத்துக்குத்தான் தெரியாது. அதில் 'தொண்ணூறு நாள்' என்றொரு கட்டம் இருக்கிறது. அதற்கு டிக் அடித்தாக வேண்டும்.

எதுவும் நடக்காத வருடம்தான் இவருக்கு நல்ல வருடம். வருடக் கடைசியில் மேலிடம் கேட்கும்: "ஒன்னுமே நடக்கலையே, எதுக்கு இவ்வளவு பட்ஜெட்?" மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த பத்து லட்சத்துக்கும் மேலானோரின் விவரங்கள் கசிந்ததாக 2019 ஜனவரியில் செய்தி வந்தபோது மட்டும் ஊரே இவரைத் தேடி வந்தது. ஒரு வாரம் ராஜ மரியாதை. பிறகு பழையபடி, "தம்பி, பிரிண்டர் ஓடல."

வீட்டிலும் இதே கதைதான். 'போலீஸ் பேசுறோம், உங்க பேர்ல பார்சல்' என்று எவனாவது சின்னம்மாவை மிரட்டினால் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடிக்கச் சொல்லி, எண்ணைப் பெரிதாக எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறார். சின்னம்மா இவருக்குத்தான் அடிப்பார். "அவங்க யாரோ எவரோ. நீ நம்ம பிள்ளை."

சம்பளம் ஏறினால் கூட்டாளிகளைத் தஞ்சோங் துவாலாங்கில் இறால் சாப்பிட அழைத்துப்போவார். இறால் வரும்வரை ஒரே கதைதான். ஏதோ ஒரு பல்கலைக்கழகம். பெயரைச் சொல்லாமல் வெரைசன் நிறுவனம் 2017இல் எழுதியது. வலை ஊர்கிறது என்று மாணவர்கள் முறையிட, தோண்டிப் பார்த்தால், காசு போட்டால் பண்டம் தரும் எந்திரங்கள், விளக்குகள் என்று 5,000க்கும் மேற்பட்ட சாதனங்கள், கால்மணிக்கு நூற்றுக்கணக்கான முறை கடலுணவுப் பெயர் கொண்ட முகவரிகளாகத் தேடிக்கொண்டிருந்தனவாம். லேசான பாஸ்வேர்டுகளை ஊகித்து உள்ளே புகுந்த வைரஸின் வேலை.

"பல்புக்கே இறால் ஆசை வந்துருச்சு" என்று மேசையே சிரிக்கும். தம்பி சிரிக்கமாட்டார்.

கடைசியாகப் போனபோது மேசையில் மெனு இல்லை, கியூஆர் சதுரம் மட்டும் ஒட்டியிருந்தது. நாங்கள் கைப்பேசியை எடுத்தோம். "யாரும் ஸ்கேன் பண்ணாதீங்க. எவன் ஒட்டினான்னு தெரியுமா?" என்று தடுத்து, அட்டை மெனு கேட்டார். தவுக்கே உள்ளே போய்த் தேடி, தூசி தட்டிக் கொண்டுவந்தார். விலை மலிவாக இருந்ததால் தம்பி இரண்டு கிலோ சொன்னார்.

பில் வந்தது. அட்டையில் இருந்தது பழைய விலையாம். "புது விலை அதுல இருக்கு, பாஸ்" என்று தவுக்கே அந்தச் சதுரத்தைக் காட்டினார்.