சிரமமான சூழ்நிலைக்கு ஒரு வரவேற்புரை

ஆய்வாளர் ஐயா, வாருங்கள். மதுரையிலிருந்து காரில் வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. இளநீர் குடியுங்கள். ஹெட்மாஸ்டர் தன் நாற்காலியைத் துடைத்து உங்களுக்குப் போட்டிருக்கிறார். கை ஒடியாத நாற்காலி இந்தப் பள்ளியில் அது ஒன்றுதான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், 'வளக்குறைவு' என்ற தலைப்பின் கீழ் வரும்.

'சிரமமான சூழ்நிலையில் ஆங்கிலம் கற்பித்தல்' பற்றி ஆராய வருவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பெருமையாக இருந்தது. சிவகாசிக்குப் பட்டாசு வாங்க வருவார்கள், காலண்டர் அடிக்க வருவார்கள். சிரமம் வாங்க வருகிறவர்கள் அபூர்வம். வந்துவிட்டீர்கள், மொத்த விலைக்கே தருகிறோம்.

சரக்கு கொஞ்சம் பழையது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1960-லேயே இதே தலைப்பில் புத்தகம் போட்டுவிட்டார். டாக்காவில் வேலை பார்த்து அடிபட்டவர். சிரமமான வகுப்புக்கு அவர் சொன்ன அடையாளம்: முப்பதுக்கு மேல், பெரும்பாலும் நாற்பது ஐம்பது பிள்ளைகள், பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருதல், ஆளுக்கொரு மட்டத்தில் படிப்பு, ஆங்கிலம் சரளமாக வராத வாத்தியார், கூடவே வெயில். பார்த்ததைத்தான் எழுதினார், குற்றமில்லை. ஆனால் பெஞ்ச் நெருக்கடியையும் வெயிலையும் ஒரே பட்டியலில் வைத்ததில் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் பிறந்தது. வெயிலுக்கு யார் பொறுப்பு? சூரியனை சஸ்பெண்ட் செய்ய முடியுமா? அப்படியே பெஞ்சுக்கும் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிட்டது. அறுபது வருடமாக உங்கள் துறை குடியிருப்பது அந்த நிழலில்தான்.

வெஸ்டின் புத்தகத்துக்கு முந்தைய வருடம், 1959-ல், காமராஜர் முதல்வராக இருந்தபோது, 'மதராஸ் பனிப்பந்து' உருண்டது. பிரிட்டிஷ் கவுன்சில் கை கொடுத்தது. கொஞ்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு என்று உருண்டு உருண்டு 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். பனியைக் காலண்டர் படத்தில் மட்டுமே பார்த்த நாட்டில் பனிப்பந்து! அந்த இயக்கத்தின் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'மெல்ட்' என்று வரும். உருகு என்று அர்த்தம். பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

பிறகு 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில், இலக்கணத்தை ஓதாமல், யோசித்து முடிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார். அவரை நான் கிண்டல் செய்யமாட்டேன். பிள்ளைக்கு மூளை உண்டு என்று நம்பிய மனிதர். அப்புறம் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன. 2012-13-ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்தது. போர்டு மாறிய இடங்களில் வாத்தியார் மாறவில்லை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. தண்ணீர் ஊற்றும் ஆள் மட்டும் பழைய ஆள்தான்.

அந்த ஆளைப் பாருங்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். வகுப்புகள் ஐந்து. ஒரு டீச்சர் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் எதையோ ஏற்றிக்கொண்டோ வட்டார வளமையத்தில் பயிற்சி வாங்கிக்கொண்டோ இருந்தால், மற்றவர் ஐந்து வகுப்புக்கும் எல்லாப் பாடமும் நடத்த வேண்டும். இதற்கு நீங்கள் 'பல்வகுப்புக் கற்பித்தல் முறை' என்று பெயர் வைத்தீர்கள். ஒரே ஓட்டுநரை ஐந்து பஸ் ஓட்டச் சொல்லிவிட்டு, அதை 'பல்பேருந்து இயக்க முறை' என்று அழைத்தால் போக்குவரத்துக் கழகம் உங்களைச் சும்மா விடுமா?

இப்போது பாடத்துக்கு வருவோம். "அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். பிள்ளை யோசிக்கும். அம்மா மருந்து வேலைக்குப் போகிறாள். மருந்து என்றால் 'மெடிசின்' என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனவே அம்மா மெடிசினில் வேலை பார்க்கிறாள் என்று பதில் வரும். தவறு என்று குறிப்பீர்கள். இங்கே மருந்து என்றால் வெடிமருந்து, ஐயா. மிக்சிங், ஃபில்லிங், போர்மேன், பிளவர் பாட், ராக்கெட் என்று அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் புழங்கும் ஆங்கிலத்துக்கு உங்கள் கேள்வித்தாளில் கட்டமே இல்லை. நாட்டுக்கெல்லாம் நோட்டும் டைரியும் அச்சடிக்கும் ஊரில் உட்கார்ந்து, பிள்ளைகளின் 'அச்சுச் சூழல் வறுமை' பற்றி எழுதுகிறீர்கள்.

எங்கள் நிலைமையே எங்களுக்குக் குழப்பம். 2018-ல் நிதி ஆயோக் எங்கள் விருதுநகரை 'முன்னேற விழையும் மாவட்டம்' என்றது. 2023 பிளஸ் டூ தேர்ச்சியில் இதே மாவட்டம் 97.85 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதலிடம். நிதி கேட்கும்போது ஒன்று, மாலை போடும்போது மற்றொன்று.

சூழ்நிலை மாறாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகள் விடியும் முன்பே ஆலை வண்டியில் ஏறினார்கள். 1996 டிசம்பர் 10 அன்று, எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகள் வகுப்புக்கு வந்து சேர்ந்ததில் அப்படிப்பட்ட உத்தரவுகளுக்கும், வீதியில் இறங்கிச் சண்டை போட்டவர்களுக்கும் பங்கு உண்டு. படஅட்டைக்குப் பங்கில்லை. யார் பணம் கட்டுவது என்று பெயர் சொன்னார்கள், அவ்வளவுதான்.

உங்கள் படிவத்தில் 'பெற்றோர் ஈடுபாடு' என்று ஒரு வரிசை, ஐந்துக்கு மதிப்பெண். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லாத அம்மா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை என்று ஒன்று போட்டிருக்கிறீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து சுமார் நாற்பது பேர் செத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்துக்கு எத்தனை?

உங்கள் அறிக்கையின் வரைவைப் பார்த்தேன். 'ஆசிரியர் பற்றாக்குறை நிலவுகிறது.' 'வறுமை காணப்படுகிறது.' 'இடைநிற்றல் ஏற்படுகிறது.' பௌர்ணமி நிலா மாதிரி எல்லாம் தானாக நிலவுகின்றன, காணப்படுகின்றன. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம் என்று எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தரத்தானே வந்தீர்கள்? ஆசிரியரை நியமிக்காதது யார், கூலியைக் குறைத்தது யார், பாதுகாப்பில்லாத ஆலையைக் கண்டும் காணாமல் விட்டது யார் என்று எழுவாய் போட்டு அந்த மூன்று வாக்கியங்களையும் திருத்தி எழுதுங்கள், ஐயா. திருத்திக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.