பரணில் ஒரு பௌதிகப் பாடம்

இந்த வாரமும் அதே காட்சிதான். சிக்னலுக்கு நூறடி முன்னால் வரை முழங்கையில் ஊசலாடும் ஹெல்மெட், வெள்ளைச் சட்டை கண்ணில் பட்டதும் தலைக்கு ஏறுகிறது. தாண்டியதும் முழங்கைக்கே இறங்குகிறது. உந்தம் என்பது நிறை பெருக்கல் திசைவேகம் என்று எழுதி மதிப்பெண் வாங்காதவர்கள் நம்மில் குறைவு. உந்தத்தில் ஏற்படும் மாற்றம் கணத்தாக்கு. அதே மாற்றம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு நடந்தால் விசை குறையும். பாடம் அவ்வளவுதான். நம் ஊரில் தலையைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் இதைப் படித்துத் தேறிவிட்டன என்பது என் கட்சி.

கட்டட வேலையில் கீழிருந்து வீசும் செங்கல்லை மாடியில் நிற்பவர் பிடிப்பதைப் பாருங்கள். கல் பட்டதுமே கையும் அதனோடு சேர்ந்து பின்வாங்குகிறது. நியூட்டன் 1687-ல் லத்தீனில் வெளியிட்ட புத்தகத்தை அவர் புரட்டியதில்லை. விறைப்பாக நின்றால் என்ன ஆகும் என்பது விரலுக்கே தெரியும். இதைவிடப் பெரிய சாட்சி பரணில் இருக்கிறது: டிவி பெட்டியின் தெர்மகோல். டிவி பழுதாகி, பழைய சாமான்காரர் எடைக்குப் போட்டு எடுத்துப்போன பிறகும் அதை எறிய நமக்கு மனம் வராது. வீடு மாற்றினால் வேண்டுமாம். பிள்ளைகள் கிள்ளினால் திட்டு விழும். நவராத்திரிக்கு இறக்கிக் கொலுவில் மலையாக்குகிறோம். முடிந்ததும் மலையைத் துடைத்து மறுபடி பரணேற்றுகிறோம். மிக்சிக்குத் தெர்மகோல் உண்டு, ஃப்ரிட்ஜுக்கு நான்கு மூலையிலும் உண்டு, ஐந்நூறு ரூபாய்க் கண்ணாடிக் கிண்ணத்துக்கும் உண்டு. ஹெல்மெட்டின் உள்ளே இருப்பதும் இதே சரக்கு, கொஞ்சம் கெட்டி ரகம். நசுங்குவதுதான் அதன் உத்தியோகம். நசுங்க எடுத்துக்கொள்ளும் சில மில்லி விநாடிதான் அதன் சம்பாத்தியம். கடையில் மறுபடி கிடைக்காத ஒரே சாமானுக்கு மட்டும் அதைக் காசு கொடுத்து வாங்கி, மாட்டாமல் வைத்திருக்கிறோம்.

“பக்கத்துக் கடைக்குத்தானே?” என்பார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கடை எந்தத் தெருவில் என்று புவியீர்ப்பு விசாரிப்பதில்லை. அந்த வேகம் 2 சென்டிமீட்டருக்குள் அடங்குவதற்குப் பதிலாக 2 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் சராசரி விசை பத்து மடங்கு. முடி கொட்டுகிறதா? கொட்டவும் ஒரு தலை தேவை. வெயில் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சித்திரையில் அது இட்லிக் கொப்பரைதான். வாரைப் பூட்டாமல் போடுகிறவர்கள் தனி ஜாதி. மோதி நின்றது வண்டிதானே, ஹெல்மெட்டின் உந்தம் அதனிடமே இருக்கிறது. அது தலையைக் கழற்றிவிட்டுத் தன் வழியே போய்விடும்.

எல்லாம் புத்தகக் கணக்கு என்பவர்களுக்கு லாரன்ஸ் ஆஃப் அரேபியாவை நினைவூட்டுகிறேன். 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் வந்த இரு பையன்கள்மேல் மோதாமல் இருக்க மோட்டார் சைக்கிளை ஒடித்து விழுந்தார். ஆறு நாளில் இறந்தார். பாலைவனப் போரில் பிழைத்த தலை அது. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ், பிற்பாடு மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

பின் இருக்கையில் உட்காருகிறவர்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பரணிலேயே நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அவர்களுக்கும் சேர்த்துத்தான். வாரால் தலையோடு இறுக்கியிருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 2019-இல் திருத்திய சட்டப்படி அபராதம் 1,000 ரூபாய். சுமாரான ஹெல்மெட் ஒன்றின் விலையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.