நடுச்சாம ஹயர்: கேள்வி – பதில்

கே: இரவில் ஹயர் ஓடுகிறவன் முதலில் யாருக்குப் பயப்பட வேண்டும்? கள்ளனுக்கா, யானைக்கா, பொலிசுக்கா?
– ஓட்டோ சாரதி, பெரியகல்லாறு

ப: நித்திரைக்கு. கள்ளன் எல்லா இரவும் வரமாட்டான். யானைக்குப் படுவான்கரையோ வெலிக்கந்தையோ போகவேண்டும். பொலிசுக்கு லைசன்சை நீட்டினால் பாதிக் கதை முடிந்தது. நித்திரை மட்டும்தான் ஹயர் பேசாமல் ஏறி, காசும் கொடுக்காமல் கூடவே வரும்.

கே: கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓடுகிறேன். பின்னேரம் வெளிக்கிட்டு, ஆளை இறக்கிவிட்டு, அப்படியே திரும்பிவிடுவேன். காலையில் பள்ளிக்கூட ஹயர் இருக்கிறது. இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே?
– வான் சாரதி, கோட்டைக்கல்லாறு

ப: நடந்தவர்கள் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதுவதில்லை, தம்பி.

கணக்கைப் பார்ப்போம். நம் ஊரிலிருந்து பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கா 300 கிலோமீற்றருக்கு மேல். பள்ளிப்பிள்ளைகளை ஏற்ற நீங்கள் எழும்பியது விடிய 5 மணிக்கு. டுபாய் போகிறவரை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பும்போது மறுநாள் விடிய 5 மணி. 24 மணி நேரம் கண்மூடவில்லை. 1997இல் டோசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரமானால் அது ஏறக்குறைய 0.10. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.08. ஒரு சொட்டுக் குடிக்காமலே நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பொலிஸ்காரர் ஊதச் சொல்லும் குழாயில் மட்டும் இது தெரியாது.

80இல் ஓடும் வானில் நாலு விநாடி கண் செருகினால் வண்டி 89 மீற்றர் ஓடியிருக்கும், சாரதி இல்லாமல்.

போகும்போது பயணி இருக்கிறார், அவருடைய தாய் அழுகிறார், தம்பி கதைக்கிறான், நித்திரைக்கு இடமில்லை. ஆபத்து திரும்பி வரும் வெறும் வானில்தான். அதற்கு யாரும் விலை பேசுவதே இல்லை. ஹயர் பேசும்போதே அங்கே நாலைந்து மணி நேரம் படுத்தெழும்பும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘பக்கத்து வான்காரன் குறைச்சுக் கேக்கிறானே மனே’ என்பார்கள். கேட்பான்தான். அவன் தன் நித்திரையை விற்றுக் குறைக்கிறான். வான்காரர் எல்லோரும் கூடி ஒரே விலைக்கு வந்தால் ஒழிய இதற்குத் தீர்வில்லை.

தவிர்க்க முடியாத நாளில் கடை வெளிச்சம் உள்ள இடத்தில் ஓரங்கட்டி, ஒரு கோப்பி குடித்துவிட்டு 20 நிமிடம் படுங்கள். கோப்பி வேலை செய்யத் தொடங்கவும் நீங்கள் எழும்பவும் சரியாக இருக்கும். முகம் கழுவுவது, கண்ணாடியை இறக்குவது, கன்னத்தில் அடிப்பது எல்லாம் மனத்திருப்திக்கு.

கே: பெரியகல்லாற்றுப் பாலத்தடியில் நடுச்சாமத்தில் வெள்ளைச் சேலையில் ஒருத்தி கை காட்டுவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– மாணவன், துறைநீலாவணை

ப: வெள்ளைச் சேலை என்றால் நல்லது, லைற்றில் தெரியும். நான் பயப்படுவது கறுப்பு மாட்டுக்கு. மழை விட்டதும் கட்டாக்காலிகள் சூடான தார் றோட்டைத் தேடி வந்து படுத்துவிடும். எதிரே வரும் லொறி முழு லைற்றை அடிக்கும். அந்த ஒரு நொடி இருட்டுக்குள் மாடு கிடக்கும். பிரதேச சபைகள் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுவதும் உண்டு. தண்டம் கட்டிய மாடு மறுநாள் அதே இடத்தில் அசைபோடும். சொந்தக்காரர் பகலில் ‘என்ட மாடு’ என்பார், விபத்து நடந்த இரவில் ‘ஆருட மாடோ’ என்பார். சாரதிமாரே, எதிர் லைற் கண்ணைக் கூசினால் காலை எடுங்கள், பிறேக்கில் வையுங்கள்.

கே: விடிய ஒரு மணிக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர் பட்டிருப்புப் பாலம் தாண்டி உள்ளே போகவேண்டும் என்றால் போவதா, விடுவதா? விட்டால் ஹயர் போகும், போனால் உயிர் போகுமோ என்று பயம்.
– ஓட்டோ சாரதி, களுவாஞ்சிகுடி

ப: நோயாளிக்கு ஓடி வருகிறவனும் அதே ஒரு மணிக்குத்தான் வருவான். அதனால் ‘போகவே போகாதே’ என்று எழுத எனக்கு மனமில்லை. (நோயாளி மோசமென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்றும் சொல்லிவிடுங்கள்.)

ஏற்றுவதற்கு முன் உள் லைற்றைப் போடுங்கள். யுத்த காலத்தில் ஓடிய பழைய சாரதிகளைக் கேட்டுப் பாருங்கள். செக்பொயின்ற் தெரிந்ததும் முன் லைற்றைத் தணித்து உள் லைற்றைப் போடுவார்கள், உள்ளே இருப்பவர் முகம் ஆமிக்காரனுக்குத் தெரியட்டும் என்று. இன்று அந்த முகத்தை நீங்கள் பாருங்கள். அவர்களும் நீங்கள் பார்த்ததைப் பார்க்கட்டும். பிறகு போனை எடுத்து, அவர்களுக்குக் கேட்கிற மாதிரி, ஸ்ராண்ட் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு: ‘மச்சான், ரெண்டு பேரோட பழுகாமம் போறன், ஒரு மணித்தியாலத்தில வந்திருவன்.’ நேர்மையான பயணி இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. கொழும்பில் 2015இல் பிக்மீயும் ஊபரும் வந்தபின் இந்த வேலையைப் போன் தானாகச் செய்கிறது: யார் ஏறினார், எங்கே இறங்கினார் என்ற பதிவு. நம் சந்தியில் வாயால் செய்யவேண்டியிருக்கிறது.

காசை முன்னாலேயே கேளுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். 2008 ஏப்ரலில் மெல்பர்னில் இந்திய மாணவரான டாக்சி சாரதி ஒருவர் இரவில் கத்திக்குத்து வாங்கினார். சக சாரதிகள், பெரும்பாலும் படிக்கப் போன பிள்ளைகள், ஃபிளிண்டர்ஸ் வீதிச் சந்தியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து நகரத்தையே நிறுத்தினார்கள். அதன்பின் விக்ரோறியா மாநிலத்தில் இரவு 10 முதல் விடிய 5 வரை முன்பணம் என்று விதியே வந்தது. சாரதிக்குப் பின்னால் பாதுகாப்புத் தடுப்பும் வந்தது. அமெரிக்காவில் டாக்சி சாரதி வேலையில் கொல்லப்படும் சாத்தியம் மற்றத் தொழிலாளரைவிட 20 மடங்குக்கு மேல் என்று அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அதனால் இது கல்லாற்றுக்காரனின் கோழைத்தனம் இல்லை.

வழியில் இடம் மாறினால் (‘இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு’), மயக்க மருந்து கலந்திருக்கக்கூடிய பிஸ்கட்டோ சோடாவோ நீட்டினால், வெளிச்சமுள்ள கடை வாசலில் நிறுத்தி ‘ரயர் பார்க்க வேணும்’ என்று இறங்குங்கள். அழைக்க 119. கத்தியைக் காட்டிவிட்டானா? சாவியைக் கொடுங்கள். மீதி லீசிங்கைப் பற்றி உயிரோடு இருந்து சண்டை பிடிக்கலாம்.

கே: ஆள் வரவில்லை, பார்சல் மட்டும்தான், கொண்டுபோய்க் கொடுத்தால் இரட்டைக் காசு என்கிறார்கள்.
– ஓட்டோ சாரதி, மருதமுனை

ப: மற்றப் பாதிக் காசு எதற்கு என்று கேளுங்கள். பொதியைத் திறந்து காட்டாவிட்டால் ஏற்றாதீர்கள். உள்ளே ஐஸ் போதைப்பொருள் இருந்தால் அனுப்பியவர் பெயர் உங்களுக்குத் தெரியாது, பொலிசுக்கு உங்கள் வண்டி இலக்கம் தெரியும்.

கே: என் கணவர் வான் ஓடுகிறார். இரவு முழுக்க எனக்கு நித்திரையில்லை. கோல் எடுக்காவிட்டாலும் பயம், ஓடிக்கொண்டே எடுத்தாலும் பயம்.
– ஒரு மனைவி, ஓந்தாச்சிமடம்

ப: நீங்கள் எடுக்காதீர்கள் அக்கா, அவர் எடுக்கட்டும். மூன்று இடம் பேசி வையுங்கள்: கதுருவெலத் தேத்தண்ணிக் கடை, தம்புள்ளை, இறக்கிய இடம். நிறுத்தி, இறங்கி, பேச வேண்டும். வீட்டுச் சண்டை, கரண்ட் பில், பிள்ளையின் புள்ளி எல்லாம் அவர் வந்து நித்திரை கொண்டு எழும்பிய பிறகு.

கே: யானை குறுக்கே நின்றால்?
– புதுச் சாரதி, பெரியநீலாவணை

ப: அது குறுக்கே நிற்கவில்லை, அதன் வழியில் நீங்கள் வந்திருக்கிறீர்கள். தூரத்திலேயே நிறுத்துங்கள், லைற்றைத் தணியுங்கள், ஹோன் அடிக்க வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். பின்னால் வரும் வண்டியோடு ஒட்டாமல் பின்வாங்க இடம் வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம் போடுகிற புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் இன்று போட்ட பழத்தை நாளை வருகிற வானிடம் யானை கப்பமாகக் கேட்கும். பொலன்னறுவை போகும் பாதையில் புனானை என்று ஓர் ஊர் வரும். அங்கே 1924இல் ஷெல்டன் ஏகர் என்ற வெள்ளைக்காரர் ஓர் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டுப் பெயர் வாங்கினார். நீங்கள் பெயர் வாங்கவேண்டாம், வீட்டுக்கு வாருங்கள்.

கே: இவ்வளவு ஆபத்து என்றால் ஜனங்கள் ரயிலில் போகலாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குருமண்வெளி

ப: போகலாம், சேர். ரயில் மட்டக்களப்பிலிருந்துதான் கிளம்பும். அதுவரைக்கும் வான் பிடிக்கவேண்டும். வழியனுப்ப வருகிற ஒன்பது பேருக்கும் டிக்கற் எடுக்கவேண்டும்.

கே: மெதுவாகப் போகச் சொன்னால் சாரதி முறைக்கிறார். காசு கொடுக்கிறவன் பேசக்கூடாதா?
– பயணி, கல்முனை

ப: பேசவேண்டும். 2023 ஜூலையில் கதுருவெலவிலிருந்து உங்கள் கல்முனைக்கு வந்த தனியார் பஸ் இரவில் மன்னம்பிட்டிப் பாலத்தில் மோதி ஆற்றுக்குள் விழுந்தது. குறைந்தது 10 பேர் செத்தார்கள். முறைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டிய றோட்டு இல்லை அது. ஆனால் ஒன்று: ‘பிளைற்றுக்குப் பிந்திட்டம், கொஞ்சம் மிதியுங்க தம்பி’ என்று சொல்வதும் நம் ஆட்கள்தானே? ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கள், சாரதி முறைக்கமாட்டார்.

கே: இரவு முழுக்கப் பாட்டைச் சத்தமாகப் போடுகிறார். நித்திரை வராமலிருக்கவாம். குறைக்கச் சொல்லலாமா?
– பயணி, தேற்றாத்தீவு

ப: சொல்லலாம். பாட்டுக்கு நித்திரை அசையாது, சத்தத்தோடேயே கண் செருகும். ஆனால் குறைக்கச் சொன்னவர்தான் முன்சீற்றில் இருந்து கதை சொல்லவேண்டும், தம்புள்ளை வரைக்கும். உங்களுக்குக் கதை வராதென்றால் காணிப் பிரச்சினையைத் தொடங்குங்கள். நம் ஊர்ச் சாரதி எவரும் அதற்குக் கொட்டாவி விட்டதில்லை.