உலோகம் போனாலும் ஓட்டு உண்டு

சூப்பர்மேனைக் குத்தினால் ஸ்பைடர்மேனின் விரல்தான் முறிய வேண்டும். ஆனால் 1976-இல் மார்வெலும் டிசியும் கூட்டாக வெளியிட்ட காமிக்ஸ் இதழில், அவர் விட்ட குத்தில் சூப்பர்மேனே பறந்துபோனார். வில்லன் லெக்ஸ் லூதரின் செஞ்சூரியக் கதிர் ஸ்பைடர்மேனுக்கு வலுவேற்றியதாம். வில்லனின் கருவி என்று பெயர். செய்த வேலையென்னவோ இரு கம்பெனிகளின் கௌரவத்தையும் காப்பாற்றியதுதான்.

கற்பனைக்கு எதற்குக் கணக்கு என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அடமாண்டியம், வைப்ரேனியம் என்று நமக்கு உலோகவியல் பாடம் எடுத்தது யார்? 1996-இல் இரு தரப்பும் மோதிய 11 சண்டைகளில் ஐந்தின் முடிவை வாசகர் ஓட்டுக்கே விட்டுவிட்டார்கள். மார்வெலின் வுல்வரினின் உடம்பிலிருந்த அடமாண்டியத்தை 1993-லேயே மேக்னீட்டோ உருவிவிட்டிருந்தார். ஆனாலும் அந்த ஐந்தில் ஒன்றில், வெறும் எலும்பு நகத்தோடு வந்த மனிதர் டிசியின் லோபோவை வீழ்த்தினார். எப்படி? அது மதுக்கடை மேசைக்குப் பின்னால் நடந்தது, வரைந்து காட்டவில்லை.