ஜன்னல் வழியே ஒரு சொல்

கே: 'டிஃபெனஸ்ட்ரேஷன்' என்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் படித்தேன். நோயா, மருந்தா?

ப: வைத்தியம். பிடிக்காத ஆளைப் பிடித்து ஜன்னல் வழியாக வெளியே எறிவதற்கு அப்படிப் பெயர். லத்தீனில் 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் ஜன்னல். பழைய டி.வி.யை எறிந்தாலும் இதே சொல்தான். ஆனால் ஆளை எறிந்தால்தான் சொல்லுக்கு மரியாதை.

கே: இதற்கென்று தனிச்சொல் வைக்கும் அளவுக்கு அடிக்கடியா நடக்கிறது?

ப: செக் நாட்டின் பிராக் நகரத்தாரைக் கேளுங்கள். 1419-இல் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸின் சீடர்கள் நகரமன்ற உறுப்பினர்களை ஜன்னல் வழியே தள்ளினார்கள். விழுந்தும் உயிரோடு இருந்தவர்களைக் கீழே நின்ற கூட்டம் கவனித்துக்கொண்டது. 1618 மே 23 அன்று பிராக் கோட்டையில் அடுத்த பெரிய காட்சி. தேவாலயத் தகராறில் கொதித்துப்போன புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், மன்னரின் கத்தோலிக்க ஆளுநர்கள் ஸ்லவாட்டா, மார்ட்டினிட்ஸ் இருவரையும் தூக்கி எறிந்தார்கள். கூடவே எழுத்தர் ஃபாப்ரிட்சியுஸையும்.

கே: எழுத்தர் என்ன பாவம் செய்தார்?

ப: அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றார், போதாதா?

கே: மூவரும் அதோகதிதானா?

ப: சுமார் 21 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் மூவருமே பிழைத்துக்கொண்டார்கள். "மாதா தாங்கிப் பிடித்தாள்" என்றது கத்தோலிக்கத் தரப்பு. "குப்பைமேடு தாங்கிப் பிடித்தது" என்றது எதிர்த்தரப்பு. இந்தத் தூக்கியெறிதலில் மூண்ட சண்டைதான் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர். விழுந்தவர்கள் பிழைத்தார்கள், விழாதவர்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள்.

கே: இன்றைக்கு இந்தச் சொல்லுக்கு வேலை உண்டா?

ப: நிறைய. கட்சித் தலைவரையோ கம்பெனித் தலைவரையோ சொந்த ஆட்களே திடீரென்று கவிழ்த்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் நக்கலாக இப்படி எழுதும். கம்ப்யூட்டரிலிருந்து விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடுகிறவர்களும் இதையே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

கே: மாடியிலிருந்து தவறி விழுந்தவருக்கும் இதைச் சொல்லலாமா?

ப: கூடாது. எறிய ஒரு கை வேண்டும். 1948 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கிய வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக், அமைச்சகக் கட்டடத்தில் தன் குளியலறை ஜன்னலுக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். குதித்தாரா, தள்ளப்பட்டாரா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அந்தச் சாவை டிஃபெனஸ்ட்ரேஷன் என்று எழுதுகிறவர் தீர்ப்பையே எழுதிவிடுகிறார்.

கே: தமிழில் இதற்கு ஏன் சொல் இல்லை?

ப: நம் ஜன்னலுக்குக் கம்பி உண்டு. அதனால்தான் நாம் கழுத்தைப் பிடித்து வாசல் வழியாகத் தள்ளுகிறோம்.

கே: என் மேனேஜரை டிஃபெனஸ்ட்ரேட் செய்ய ஆசையாக இருக்கிறது. உங்கள் ஆசி?

ப: அதற்கு முன் கணக்கைப் பாருங்கள். தள்ளப்பட்ட எழுத்தருக்குப் பின்னாளில் பிரபுப் பட்டமே கிடைத்தது: 'ஃபான் ஹோஹென்ஃபால்'. அதாவது, உயரத்திலிருந்து விழுந்தார். தள்ளிய தரப்பிலோ, கிளர்ச்சிக்காக 27 பேருக்கு 1621-இல் பிராக் சதுக்கத்தில் மரண தண்டனை. மேனேஜருக்குப் பிரமோஷன் வாங்கித் தர அவ்வளவு ஆசையா?