மருமோன், அந்த நட்டை ஒருக்காக் கழட்டு

வா மருமோன், இரு. மொறிஸ் மைனருக்கு நல்லாப் பொலிஷ் அடிச்சிருக்கிறாய், முகம் பாத்துச் சவரம் எடுக்கலாம். எங்கை, முன் சில்லு நட்டு ஒண்டைக் கழட்டு பாப்பம். கழருதில்லையோ? சாவிக்குக் குழாய் செருகி ஏறி நிண்டனியாமெண்டு பக்கத்து வீட்டுப் பெடியன் சொல்லிச் சிரிக்கிறான். போல்ட் முறியாதது உன்ரை கொப்பற்றை புண்ணியம்.

1948இலை வெளிவந்த சாதி இது. பொருளாதாரத் தடைக்காலத்திலை ஒரு சொட்டுப் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயிலை ஓடினது. அதையும் தாங்கிச்சுது. சும்மா நிக்கிறதைத்தான் தாங்காது.

கரம்பொனிலை இருந்து யாழ்ப்பாணம் போறதெண்டால் பண்ணை றோட்டு, ரெண்டு பக்கமும் கடல். உப்பு நட்டுப் புரிக்குள்ளை குந்திக்கொண்டு காத்திலை இருக்கிற ஈரத்தை இழுக்கும். இரும்பு கறளானால் முந்தியிலும் கூட இடம் எடுக்கும், ரெண்டு கிழமைக்கெண்டு கனடாவிலை இருந்து வந்து வீடு முழுக்கப் பிடிச்சிருக்கிற உன்னைப் போலை. பிறகு நட்டு எங்காலை திரும்பும்?

வரியத்துக்கு ரெண்டுதரமாவது கழட்டிப் பூட்டு. சில்லு நிலத்திலை நிக்கேக்கையே இளக்கிப்போட்டு ஜக்கு வை. புரியை வயர் பிரஷாலை தேய். கிறீஸ் பூசுறதெண்டால் சில்லும் ஹப்பும் முட்டுற முகத்திலை மெல்லிசா. அம்மான் சொன்னவரெண்டு நட்டு போய்க் குந்துற கூம்பிலை அள்ளி அப்பாதை. வழுக்கினால் அளவுக்கு மிஞ்சி இறுக்கிப்போடுவாய், போல்ட் இழுபட்டுப்போம். கிறீஸ் பிறேக்கிலை பட்டுதோ, பண்ணையிலை நேரை கடலுக்கைதான். குளிக்கலாம்.

பூட்டேக்கை முதல் கையாலை. கைக்குப் போகாட்டில் புரி பிழைச்சிட்டுது, சாவியைத் தூக்காதை. பிறகு எதிரெதிரா இறுக்கு. காத்து மிசினாலை டர்ரெண்டு இறுக்குற பெடியளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடு, நட்டைக் குடாதை. ஒரு ஐம்பது மைல் ஓடினாப் பிறகு திரும்ப இறுக்கிப் பார்.

இப்ப இறுகிக் கிடக்கிறதுக்குக் கறள் இளக்குற ஒயில் விட்டு விடியுமட்டும் பொறு. காலமை முதலிலை ஒரு சொட்டு இறுக்கு. ஓம், இறுக்கத்தான் சொன்னனான். கறள் வெடிக்கும், பிறகு இளக்கு.

பழைய பெட்போர்ட் லொறியும் பாக்கிறியாம். அதின்ரை இடப்பக்கச் சில்லு நட்டு இடம்புரி. நீ இளக்கிறனெண்டு திருப்பத் திருப்ப இறுகும். வலப்பக்கம் வழக்கம் போலைதான். நான் சொன்னனெண்டு அதையும் மாத்தித் திருப்பிப்போடாதை.