நிவாரணத் திலகம்

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிற்று என்ற செய்தி பரவியவுடன், காசிமேட்டு மீனவர் படகைக் கட்டுவதற்கும், எண்ணூர்க் குப்பத்துப் பெண்கள் அடுப்பையும் அரிசியையும் மேட்டுக்குக் கொண்டுபோவதற்கும் விரைகின்ற அதே வேளையில், திவ்வியமான ஒரு பிரசன்னம் முகத்தில் படர, அச்சகத்துக்கு ஆளனுப்புகிற மகானுபாவர் ஒருவர் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை எங்கும் வாசம் செய்கிறார். வார்டுக்கு வார்டு வேறு பெயரும் வேறு கரைவேட்டியும் தரித்துச் சஞ்சரிப்பவராகையால், பொதுவாக நிவாரணத் திலகம் என்றே அவரைக் குறிப்பிடுவோம்.

திலகத்தின் சரித்திரம் பேரிடர்களால் காலவரையறை செய்யப்பட்டது. 2015 வெள்ளத்தின்போது, நிவாரணப் பொட்டலங்களில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் படத்தை ஒட்டச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வற்புறுத்துகிறார்கள் என்று எழுந்த புகாரைக் கேட்டு நாடே நகைத்தது. திலகமோ அதில் நகைப்பதற்கு ஏதுமில்லை என்றும், பசைதான் மட்டரகம் என்றும் அபிப்பிராயப்பட்டார். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து, ஜனங்கள் வாளிகளால் அந்தக் கரிய சேற்றை நாட்கணக்கில் அள்ளினார்களே, அப்போது திலகமும் ஒரு வாளி அள்ளினார். ஒரே வாளிதான்; ஆனால் அது மூன்று கோணங்களிலிருந்து படமெடுக்கப்பட்டது.

அவருடைய மேதாவிலாசம் பூரணமாகப் பிரகாசிப்பது பட்டியல் தயாரிப்பதில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவி, வலையும் படகும் வீட்டுச் சுவரும் கறுத்துப்போக, மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்ததும், திலகத்தின் வீட்டுத் திண்ணை ஒரு சிறு தலைமைச் செயலகமாயிற்று. பட்டியலில் பெயர் ஏற ஒரு கட்டணம், ஏறிய பெயர் இறங்காதிருக்க இன்னொரு கட்டணம்; லஞ்சம் என்று அதைச் சொன்னால் அவர் உண்மையாகவே மனம் வருந்துவார், 'ஆபீஸ் செலவு' என்பதே அவர் பிரயோகம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. திலகத்தின் வலைக்கு அப்படியொரு ஓய்வு விதிக்க எந்த அரசாங்கத்துக்கும் இதுவரை தோன்றவில்லை.

மே தினக் கூட்டங்களில் அவர் சிங்காரவேலரின் வாரிசாகிவிடுவார். மீனவர் குலத்தில் பிறந்து, வக்கீலாகி, ஒத்துழையாமைக் காலத்தில் அந்த அங்கியையே துறந்து, 1923-ல் இந்தியாவின் முதல் மே தின விழாவைச் சென்னையில் நடத்திய அந்தப் பெரியவரின் படத்துக்கு ஆளுயர மாலை சாத்திவிட்டு, "அவர் போன பாதையிலேதான் நானும் போகிறேன்" என்று தழதழத்த குரலில் அவர் முழங்கும்போது, அவருடைய கார் அந்தப் பாதையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நிற்பது வழக்கம்.

ஒரு சமயம் குப்பத்தில் அரிசிப்பை வழங்கும் வைபவம். பத்து மணிக்கென்று அழைக்கப்பட்ட ஜனங்கள் வெயிலில் காத்திருக்க, பன்னிரண்டு மணிக்கு எழுந்தருளிய திலகம், வரிசையின் முதலில் நின்ற ஒரு கிழவியின் கையில் பையைக் கொடுத்தும் கொடாமலும், புகைப்படக்காரரின் திசையில் புன்னகைத்தபடி நின்றார். கிழவியும் பையை விடவில்லை.

"இன்னா தலிவரே, லிஸ்ட்டுல என் பேரக் காணோம், உன் மச்சான் பேரு மட்டும் கீது. அவுரு எந்தக் கடல்ல வல போட்டாரு?"

மச்சான் கொருக்குப்பேட்டையில் வட்டிக்கடை வைத்திருப்பவர். படகில் ஏறினால் மயக்கம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. ஆயினும் திலகம் சற்றும் கலங்கவில்லை.

"ஆயா, நான் கியாரண்டி. அடுத்த லிஸ்ட்டுல மொதப் பேரே உன்னுதுதான்."

"அதுக்கு இன்னொரு தபா எண்ண ஊத்தணுமே, தலிவரே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புகைப்படக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.